கையெழுத்து யார் போட வேண்டும்? செபிக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் வாரிய உறுப்பினர்கள்,
செபி (பங்குச் சந்தையையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் ஒழுங்குபடுத்தும் வாரியம்), மும்பை.

மியூச்சுவல் ஃபண்ட் விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துக் கட்டத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஓர் உறுதிமொழி அச்சாகியிருக்கும். அதன் சாரம் இதுதான்: எனக்குப் பரிந்துரைக்கப்படும் இந்தத் திட்டத்துக்கும், இதோடு போட்டியிடும் மற்ற ஃபண்ட் நிறுவனங்களின் திட்டங்களுக்கும் தனக்கு என்னென்ன கமிஷன் வரும் என்பதையெல்லாம் ஏஆர்என் (ஃபண்ட் விற்பதற்கான பதிவு எண்) வைத்திருக்கும் விநியோகஸ்தர் என்னிடம் தெரிவித்துவிட்டார். இதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவது விநியோகஸ்தர் அல்ல, பணம் போடுகிற நாங்கள்.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்குப் படிவத்தோடு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்கு இதை விற்றவர் தன் கமிஷன் எவ்வளவு என்று சொன்னாரா?" இதுவரை ஒருவர்கூட ஆமாம் என்றதில்லை. சொன்னதாக எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இந்த விதி உங்களுடையது. 2009 ஜூன் 30 தேதியிட்ட சுற்றறிக்கையில் என்ட்ரி லோடை ஒழித்தீர்கள். நாங்கள் போடும் பணத்தில் முதலிலேயே ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் 2009 ஆகஸ்ட் 1 முதல் நின்றது. அதே சுற்றறிக்கையில்தான், போட்டித் திட்டங்களுக்கான கமிஷன் உட்பட எல்லாவற்றையும் விநியோகஸ்தர் முதலீட்டாளரிடம் சொல்ல வேண்டும் என்றும் எழுதினீர்கள். நல்ல விதி. ஆனால் அது ஊருக்கு வந்து சேரும்போது தலைகீழாகிவிட்டது. விற்பவர் செய்ய வேண்டிய கடமை, வாங்குபவர் கொடுக்கும் உறுதிமொழியாக மாறிப்போனது. விற்பவர் வாயைத் திறக்காமலே விதி நிறைவேறிவிடுகிறது.

இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம், 2025 நவம்பரில் நீங்கள் எடுத்த முடிவு. பெரிய நகரங்களுக்கு வெளியே உள்ள ஊர்களிலிருந்து புதிதாக வரும் முதலீட்டாளர்களையும், எந்த ஊராக இருந்தாலும் புதிதாக வரும் பெண் முதலீட்டாளர்களையும் சேர்த்துவிடும் விநியோகஸ்தர்களுக்குக் கூடுதல் ஊக்கத்தொகை அறிவித்தீர்கள். முதலில் போடும் மொத்தத் தொகையில், அல்லது மாதாமாதம் போடும் எஸ்ஐபியின் முதல் வருடத் தொகையில் 1 சதவீதம், அதிகபட்சம் ரூ.2,000. முதலீட்டாளர் ஒரு வருடமாவது நிலைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நோக்கம் எனக்குப் புரிகிறது. சிறு ஊர்ப் பெண்களும் எஃப்டியைத் தாண்டிப் பார்க்கட்டும் என்று நினைக்கிறீர்கள். சரி. ஆனால் "உங்களைச் சேர்த்துவிட்டால் எனக்குத் தனியாக இரண்டாயிரம் கிடைக்கும்" என்று அந்தப் பெண்ணிடம் யார் சொல்லப் போகிறார்கள்? அதையும் அந்தப் பொடி எழுத்து வாக்கியமே சொல்லிவிடும் என்று விட்டுவிடப் போகிறீர்களா? விற்பவர்களுக்குப் புதிய ஊக்கம் கொடுக்கும் வேகம், விற்பவர் என்ன சம்பாதிக்கிறார் என்பதை வாங்குபவருக்குச் சொல்வதிலும் இருக்க வேண்டாமா?

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கத்தில் படிவம் நிரப்புவது, ஸ்டேட்மென்ட் படித்துச் சொல்வது, நாமினி மாற்றித் தருவது எல்லாம் என் வேலை. அங்கே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஒரு நண்பரின் மனைவி. பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் அவருடைய சேமிப்புக் கணக்குக்கு வந்தது. அடுத்த வாரமே கணக்கு இருக்கும் வங்கியிலிருந்து ரிலேஷன்ஷிப் மேனேஜர் வீட்டுக்கு வந்துவிட்டார். கணக்கில் பெரிய தொகை விழுந்தால் கிளைக்கு எப்படித் தெரிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, அதை விடுங்கள். பெண்ணுக்கு இரண்டு வருடத்தில் கல்யாணம் செய்ய வேண்டும், மிச்சத்தில் மாதாமாதம் ஏதாவது வர வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். வந்தவர் பன்னிரண்டு லட்சத்தை சிறு நிறுவனப் பங்குகளில் பணம் போடும் ஒரு ஸ்மால்கேப் ஃபண்டின், கமிஷன் உள்ள ரெகுலர் பிளானில் போட வைத்தார். ஐந்து லட்சத்துக்கு, காப்பீடும் முதலீடும் சேர்ந்த ஒரு யூலிப். "அம்மா, பென்சில் டிக் இருக்கிற இடத்துல மட்டும் கையெழுத்துப் போடுங்க. மத்ததை நான் ஃபில் பண்ணிக்கிறேன்" என்றாராம்.

ஒரு வருடம் கழித்து யூலிப்புக்கு அடுத்த பிரீமியம் ஐந்து லட்சம் கட்டச் சொல்லித் தகவல் வந்தபோதுதான் அந்த அம்மா என்னிடம் வந்தார். ஒருமுறை கட்டினால் போதும் என்று சொன்னதாகத்தான் அவருக்கு நினைவு. யூலிப்பில் ஐந்து வருடத்துக்குப் பணத்தைத் தொட முடியாது. கல்யாணமோ அடுத்த வருடம். வங்கியில் எழுதிக் கொடுத்து எல்லாப் படிவங்களுக்கும் நகல் வாங்கினோம். மேஜையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ரிஸ்க் பற்றிய கேள்வித்தாளில், "உங்கள் முதலீடு 20 சதவீதம் சரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு "இன்னும் வாங்குவேன்" என்று டிக் விழுந்திருந்தது. அந்த டிக்கும், படிவத்தை நிரப்பிய கையெழுத்தும் ஒரே நீல மையில். அந்த அம்மாவின் கையெழுத்து மட்டும் கருப்பு மையில்.

ஃபண்ட் விண்ணப்பத்தில் ஈயுஐஎன் கட்டம் காலியாக இருந்தது. உங்களுக்குத் தெரியாததல்ல, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: விநியோகஸ்தரிடம் வேலை பார்க்கும் ஒவ்வொரு விற்பனை ஊழியருக்கும் தனி எண் உண்டு. அந்த ஆள் நாளைக்கே வேலையை விட்டுப் போனாலும், தவறாக விற்றது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்த எண் அது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அருகில் இன்னொரு உறுதிமொழி உயிர்பெறும். முதலீட்டாளர் சொல்வதாக அதில் இருப்பதன் சாரம் இது: கட்டத்தை நானே வேண்டுமென்றுதான் காலியாக விட்டேன். விநியோகஸ்தரின் ஊழியர் யாரும் என்னிடம் பேசவும் இல்லை, ஆலோசனை சொல்லவும் இல்லை. அல்லது இது எனக்குப் பொருந்தாது என்று அவர் சொல்லியும் நானாகத்தான் முதலீடு செய்கிறேன்.

இந்த வாக்கியத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒன்று, யாரும் என்னிடம் பேசவில்லை. இல்லையென்றால், வேண்டாம் என்று தடுத்தார்கள், நான்தான் கேட்கவில்லை. இந்த இரண்டைத் தவிர உலகில் வேறெதுவும் நடக்க வாய்ப்பே இல்லை என்பதுபோல எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்து, பென்சிலில் டிக் போட்டுக் கொடுத்த மனிதருக்கு இந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

புகார் கொடுத்தோம். வங்கியின் பதில் சுருக்கமாக வந்தது: இது வாடிக்கையாளர் தாமாகவே எடுத்த முடிவு, வங்கி எந்த ஆலோசனையும் வழங்கவில்லை, சான்றாக வாடிக்கையாளர் கையெழுத்திட்ட படிவத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. அந்த நகல் எது தெரியுமா? நாங்கள் புகாரோடு இணைத்து அனுப்பிய அதே பக்கம்.

உங்கள் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிகளை நான் முழுவதும் படித்திருக்கிறேன். பதவியில் இருக்கும்போது சம்பளத்துக்காக விதிப் புத்தகங்களைப் படித்தவனுக்கு அந்தப் பழக்கம் லேசில் போகாது. விதிகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. ஆலோசகர் வாடிக்கையாளரின் நலனை முன்வைத்து, அவரது நம்பிக்கைக்குப் பாத்திரமானவராக நடக்க வேண்டும். வாடிக்கையாளரின் ரிஸ்க் தாங்கும் சக்தியை அளக்க வேண்டும், அதற்குப் பொருந்துவதை மட்டுமே சொல்ல வேண்டும். தன் தொழில், தன்மேல் எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கைகள், மற்ற நிறுவனங்களோடு உள்ள தொடர்புகள், நலன் முரண்பாடுகள் எல்லாவற்றையும் வெளிப்படுத்த வேண்டும். சொன்னதையும் சொன்ன காரணத்தையும் ஐந்து வருடம் பதிவாக வைத்திருக்க வேண்டும். 2020-இல் இன்னும் இறுக்கினீர்கள். ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் விற்பனைக் கமிஷனும் சேர்த்து வாங்கக் கூடாது என்றீர்கள். வெறும் விநியோகம் செய்பவர்கள் 'வெல்த் அட்வைசர்' போன்ற பெயர்களைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னீர்கள்.

இவ்வளவும் யாருக்கு? உங்களிடம் பதிவு செய்து ஐஎன்ஏ என்று தொடங்கும் எண் வாங்கியவர்களுக்கு. நாடு முழுவதும் அப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஃபண்ட் விற்கும் விநியோகஸ்தர்களோ லட்சத்துக்கும் மேல். அந்த லட்சம் பேருக்கும் அதே 2013 விதிகளிலேயே கதவு திறந்து வைத்திருக்கிறீர்கள். விற்பனைதான் முதன்மைத் தொழில், ஆலோசனை அதன் போக்கில் வருவது என்றால் ஆலோசகராகப் பதிவு செய்யத் தேவையில்லை. அதாவது, கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் எல்லாவற்றையும் வெளிப்படுத்த வேண்டும். கமிஷன் வாங்கிக்கொண்டு சொல்பவருக்கு அந்தக் கட்டாயங்கள் கிடையாது. எந்தப் பக்கம் வெளிச்சம் தேவை, எந்தப் பக்கம் விளக்கு எரிகிறது என்று பாருங்கள்.

பெயர்ப் பலகையை மாற்றச் சொன்னதால் என்ன ஆயிற்று? அட்வைசர் போய் மேனேஜர் வந்தார். நாற்காலியும் ஆளும் மாறவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளிப்படுத்துவது எங்கள் பக்கத்தில் முழுமையாக நடக்கிறது. பான், ஆதார், வருமானம், தொழில், சொத்து, கடன், வயது, எங்களை நம்பி இருப்பவர்கள், ஏற்கெனவே வைத்திருக்கும் முதலீடுகள், எதற்காகப் பணம் தேவை, எப்போது தேவை, நஷ்டம் வந்தால் தூங்குவோமா மாட்டோமா என்பது வரை கேட்கிறார்கள். கேட்கட்டும், அது தெரியாமல் நல்ல ஆலோசனை சொல்ல முடியாது. நான் சங்கத்தில் எல்லோருக்கும் சொல்வதும் அதுதான்: ஆலோசகரிடம் கடனை மறைக்காதீர்கள், நகைக் கடனையும் சேர்த்துச் சொல்லுங்கள், மகனுக்குக் கையெழுத்துப் போட்ட ஜாமீனையும் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு பொருந்தாததைக் கொடுத்தார் என்று குறை சொன்னால் நியாயம் இல்லை. ஆனால் நாங்கள் உள்ளதையெல்லாம் கொட்டிய பிறகு, எதிரில் இருப்பவரிடம் "உங்களுக்கு இதில் எவ்வளவு?" என்று கேட்டால் மட்டும் ஏன் அந்த மனிதருக்கு முகம் சுருங்குகிறது?

வீட்டுத் தரகர்கூட வீட்டைக் காட்டுவதற்கு முன்பே தன் பங்கு ஒரு மாத வாடகை என்று சொல்லிவிடுகிறார். அவரை யாரும் திட்டுவதில்லை.

கமிஷன் விவரம் தருகிறோமே என்று நீங்கள் சொல்லலாம். தருகிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். 2016 அக்டோபர் முதல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், விநியோகஸ்தருக்கு எவ்வளவு போனது என்று ரூபாயில் போட வைத்தீர்கள். பரிசு, சுற்றுலா என்று வேறு வகையில் கொடுத்ததையும் சேர்க்கச் சொன்னீர்கள். செபி எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்று என்று அதைச் சொல்வேன். சதவீதம் என்பது எங்களில் பலருக்குக் காற்று மாதிரி. ரூபாய் என்றால் எல்லோருக்கும் புரியும். நான் சொன்ன அந்த அம்மாவின் அறிக்கையில் ஆறு மாதத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் போயிருந்தது. காட்டினேன். "நான் யாருக்கும் ஒண்ணும் கொடுக்கலையே தம்பி" என்றார். அவர் பார்வையில் அது சரிதான். கையிலிருந்து கொடுக்கவில்லை. ஃபண்டின் செலவுக் கணக்கில் கழிந்து, என்ஏவியிலேயே (ஒரு யூனிட்டின் மதிப்பிலேயே) குறைந்து வருவதால் கண்ணில் படுவதே இல்லை.

ஆனால் அந்த அறிக்கை எப்போது வருகிறது? ஏப்ரலிலும் அக்டோபரிலும். பணம் போய்ப் பல மாதம் கழித்து, பான் எண்ணைப் பாஸ்வேர்டாகப் போட்டால்தான் திறக்கும் பிடிஎஃப்-ஆக, ஆங்கிலத்தில், மின்னஞ்சலில். அந்த அம்மாவின் மின்னஞ்சல் முகவரி அவருடைய மகளுடையது. மகள் வேலை தேடும் அவசரத்தில் அதைத் திறந்ததே இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகு வரும் விலைப்பட்டியலை வெளிப்படுத்தல் என்று எப்படிச் சொல்வது?

முன்கூட்டியே தெரிந்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. பத்து லட்சம் ரூபாய், பதினைந்து வருடம். செலவு போக வருடத்துக்கு 11 சதவீதம் வளர்ந்தால் ஏறக்குறைய ரூ.47.8 லட்சம் ஆகும். அதே முதலீட்டில் கமிஷனுக்காக 1 சதவீதம் கூடுதலாகக் கழிந்து 10 சதவீதமே வளர்ந்தால் ரூ.41.8 லட்சம். வித்தியாசம் ஆறு லட்சம். 11 சதவீதம் என்பது நான் எடுத்துக்கொண்ட அனுமானம்தான்; சந்தை என்ன தரும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் சந்தை என்ன செய்தாலும் அந்த ஒரு சதவீதம் வருடா வருடம் கழிந்துகொண்டே இருக்கும். ஆறு லட்சத்துக்கு ஈடான சேவையை ஒரு நல்ல விநியோகஸ்தர் செய்யவும் கூடும். சந்தை விழுந்தபோது பதறி விற்கவிடாமல் பிடித்து வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்தக் கமிஷன் தகும். தகுமா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது பணத்துக்குச் சொந்தக்காரர். அதற்கு அவருக்குத் தொகை தெரிய வேண்டும். கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் என்று ஒன்று 2013 ஜனவரி முதல் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். எங்கள் சங்கத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே நான் சொல்லித்தான் தெரியும்.

பதிவு பெற்ற ஆலோசகர்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. எங்களில் சிலர் அவர்களிடம் போகிறார்கள். பொதுவாக அனுபவம் நன்றாகவே இருக்கிறது. கட்டணம் இவ்வளவு என்று நேராகச் சொல்கிறார்கள். நிலையான கட்டணத்துக்கு ஒரு குடும்பத்துக்கு வருடம் ரூ.1,51,000 என்று நீங்கள் உச்சவரம்பும் வைத்திருக்கிறீர்கள். 2025 பிப்ரவரியில் முக்கிய நிபந்தனைகளைத் தனியாக எடுத்துச் சுருக்கமாக வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்றீர்கள். ஆலோசகர் உங்கள் பணத்தைக் கையில் வாங்கக் கூடாது, லாபத்துக்கு உத்தரவாதம் தரக் கூடாது, பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்கக் கூடாது என்றெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவு பயன்படுத்துகிறார் என்பதையும் ஆலோசகர் சொல்ல வேண்டும் என்று 2024 டிசம்பரில் சேர்த்தீர்கள். எல்லாம் சரி. இடிக்கிற இடம் ஒழுங்கு நடவடிக்கை வரலாறு. தன்மேல் செபி எடுத்த நடவடிக்கையை ஆலோசகர் தானே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என்ன ஏற்பாடு? அந்த விவரம் உங்கள் கையில்தானே இருக்கிறது?

அடுத்தது மொழி. என் மேஜைக்கு வந்த ஆலோசனை ஒப்பந்தங்கள், நிபந்தனைப் பட்டியல்கள், ஃபண்ட் விண்ணப்பங்கள் எதுவும் தமிழில் இல்லை. விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் வருகிறது. விற்பதற்குத் தமிழ், கையெழுத்துக்கு ஆங்கிலம். முடியாத காரியம் என்று சொல்லிவிட வேண்டாம். கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடனின் முக்கிய விவரங்களைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும், அதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சேகரிப்பு அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எதிலும் பெற வகை செய்கிறது. ஆக, ஒரு லட்சம் கடன் வாங்கினால் வட்டி எவ்வளவு என்று எனக்குப் புரியும் மொழியில் வரும். அந்தச் சட்டத்தின் இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்ததும், என் தகவலை எதற்கு எடுக்கிறார்கள் என்பதைத் தமிழில் கேட்டு வாங்க முடியும். வாழ்நாள் சேமிப்பை ஒருவர் கையில் கொடுக்கும்போது அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பது மட்டும் ஆங்கிலத்தில்.

கமிஷனை இப்படி வெளிப்படையாகச் சொல்ல வைத்தால் சிறு விநியோகஸ்தர்கள் பிழைக்க முடியாது, வாடிக்கையாளர் பங்கு கேட்பார் என்ற வாதம் எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலேயே பைக்கில் அலைந்து ஐந்நூறு ரூபாய் எஸ்ஐபி சேர்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. பிரிட்டன் 2012 கடைசியோடு முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷன் வாங்குவதையே புதிய விற்பனைகளில் தடை செய்தது. நான் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. வாங்கட்டும், சொல்லிவிட்டு வாங்கட்டும். உண்மையில் இந்தச் சிறு விநியோகஸ்தர்களுக்கு மறைக்க அதிகம் இல்லை. ஐந்நூறு ரூபாய் எஸ்ஐபியில் அவருக்கு முதல் வருடம் கிடைப்பது ஒரு டீ, பஜ்ஜிக்குச் சரி. பெரிய தொகை விழுந்த மறுவாரம் வீடு தேடி வரும் டார்கெட் உள்ள ஊழியருக்குத்தான் இந்தக் கேள்வி சங்கடம்.

இனி என் கோரிக்கைகள்.

முதலாவதும் முக்கியமானதும்: விண்ணப்பப் படிவத்தில் "கமிஷன் விவரம் எனக்குத் தெரிவிக்கப்பட்டது" என்ற உறுதிமொழியை முதலீட்டாளரின் கையெழுத்துக்கு மேலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகத் தனியாக ஒரு பக்கம். அதில் விநியோகஸ்தரோ அவரது ஊழியரோ கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தொகைக்கு முதல் வருடம் எனக்கு ஏறக்குறைய இத்தனை ரூபாய், அதன் பிறகு நீங்கள் வைத்திருக்கும் வரை வருடத்துக்கு இத்தனை சதவீதம், இதே வகையில் நான் விற்கும் மற்றத் திட்டங்களில் இவ்வளவு, உங்களைப் புதிதாகச் சேர்ப்பதற்காக வரும் ஊக்கத்தொகை இவ்வளவு, இதே திட்டம் கமிஷன் இல்லாமல் டைரக்ட் பிளானிலும் கிடைக்கும். இவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் அடங்கும். நவம்பரில் அறிவித்த அந்த ரூ.2,000 ஊக்கத்தொகையை இந்தப் பக்கம் இல்லாத விற்பனை எதற்கும் கொடுக்கக் கூடாது.

பணம் போவதற்கு ஒரு முழு நாள் முன்னதாகவாவது அந்தப் பக்கம் முதலீட்டாளர் கைக்கு வர வேண்டும். மொத்தமாகப் பெரிய தொகை போடும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், வாரிசாகப் பணம் பெற்றவர்களுக்கும் இது கட்டாயமாக இருக்கட்டும். மற்றவர்களுக்கு வேண்டுமானால் நேரத்தைத் தளர்த்துங்கள்.

ஈயுஐஎன் கட்டத்தைக் காலியாக விட்ட விண்ணப்பத்துக்குக் கமிஷன் கொடுப்பதை நிறுத்துங்கள். யாரும் பேசவில்லை, யாரும் ஆலோசனை சொல்லவில்லை என்றால் அந்தக் கமிஷன் எதற்காக? அப்படிப்பட்ட விண்ணப்பம் தானாகவே டைரக்ட் பிளானுக்குப் போகட்டும். இதை மட்டும் செய்தால்கூட, காலிக் கட்டங்கள் எவ்வளவு வேகமாக நிரம்புகின்றன என்று நீங்களே பார்ப்பீர்கள்.

வங்கி ஊழியர்களும் பெரிய விநியோக நிறுவனங்களின் ஊழியர்களும் ஒரு குறிப்பிட்ட திட்டத்தைப் பரிந்துரைத்தால், எதற்காகப் பரிந்துரைக்கிறார் என்பதை எழுத்தில் கொடுக்க வைத்து, ஆலோசகர் விதிகளில் உள்ள ரிஸ்க் மதிப்பீட்டையும் பொருத்தத்தையும் அவர்களுக்கும் விரியுங்கள். பதிவு விலக்கு தனியாளாகத் தொழில் செய்யும் சிறு விநியோகஸ்தருக்கு இருந்துவிட்டுப் போகட்டும். ரிஸ்க் கேள்வித்தாளை வாடிக்கையாளர் தன் கையால், அல்லது தன் போனில் தானே நிரப்ப வேண்டும். ஊழியர் நிரப்பியது செல்லாது.

ஆலோசகரின் ஒழுங்கு நடவடிக்கை விவரத்தை உங்கள் பதிவேட்டிலிருந்தே நேராக எடுத்துத் தாருங்கள். ஐஎன்ஏ எண்ணையோ ஏஆர்என் எண்ணையோ தட்டினால், அவர் மேல் வந்த புகார்கள், அவற்றின் முடிவு, விதித்த அபராதம் எல்லாம் ஒரே இடத்தில் தெரிய வேண்டும்.

யூலிப் உங்கள் எல்லையில் இல்லை, காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ பார்க்க வேண்டியது என்று தெரியும். ஆனால் விற்கிற நாற்காலி ஒன்று, வாங்குகிற அம்மா ஒருவர். நிதித் திட்டங்களைத் தவறாக விற்பதைத் தடுக்க மத்திய அரசு அமைத்த சுமித் போஸ் குழு 2015-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. மேலே சொன்ன ஒரு பக்கத் தாள் ஃபண்டுக்கும் காப்பீட்டுக்கும் ஒரே வடிவத்தில் இருக்கும்படி இரண்டு அமைப்புகளும் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் விட்டால், கமிஷன் அதிகம் உள்ள பக்கத்துக்கு விற்பனை ஓடிவிடும்.

இந்தத் தாளும், ஆலோசகர்கள் தரும் முக்கிய நிபந்தனைகளும், ரிஸ்க் கேள்வித்தாளும் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி மொழிபெயர்த்துக் குழப்பாமல் இருக்க, வாசகத்தை செபியே தயாரித்துக் கொடுக்கட்டும். முதலீட்டாளர் எந்த மொழியில் கேட்டார், எந்த மொழியில் கொடுத்தோம் என்பதைப் பதிவு செய்ய வைத்து, வழக்கு என்று வந்தால் அவர் கையெழுத்திட்ட மொழியில் உள்ள வாசகமே செல்லும் என்றும் விதியில் எழுதுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏன் மறுக்கிறீர்கள் என்பதை வரும் ஆறு மாதத்துக்குள் ஓர் ஆலோசனை அறிக்கையாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அறிக்கையைத் தமிழிலும் வெளியிடுங்கள். அதற்குத் தமிழில் வரும் கருத்துகளையும் பதிவு செய்து பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வூதியர் சங்க உறுப்பினர் ஒருவர்,
தமிழ்நாடு.